லைசோசைமின் நிலைத்தன்மையை அளப்பது எப்படி: குவானிடின், ஒளிர்வு, ஒரு நேர்கோடு

சிறு கோளப் புரதங்கள் மடிந்த வடிவத்தில் நிற்பதற்குக் காரணமான ஆற்றல் வேறுபாடு மிகக் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு அது மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிக்குள் அடங்கிவிடும். அவ்வளவு குறைவாக இருந்தும் வெறும் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) அதை நேரடியாக அளக்க முடியாது. வேறுபாடு 9 கிலோகலோரி என்றால், 25°செ-இல் சுமார் 40 லட்சம் மூலக்கூறுகளில் ஒன்றுதான் அவிழ்ந்திருக்கும். எந்த ஒளியியல் கருவியாலும் அந்த ஒன்றைப் பார்க்க முடியாது.

ஆகவே புரதத்தை அவிழ்க்கும் பொருளான யூரியாவையோ குவானிடின் ஹைட்ரோகுளோரைடையோ சேர்த்து, மடிந்ததும் அவிழ்ந்ததும் கணிசமான அளவில் சேர்ந்திருக்கும் இடத்துக்குப் புரதத்தைக் கொண்டுவருகிறோம். அங்கே சமநிலை மாறிலியை (அவிழ்ந்ததற்கும் மடிந்ததற்கும் உள்ள விகிதத்தை) அளந்து ஆற்றலாக மாற்றி, செறிவுக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டைப் பூஜ்யச் செறிவு வரை பின்னோக்கி நீட்டுகிறோம். டியூக் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டான்ஃபோர்டிடம் பயின்று, பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் புரத நிலைத்தன்மையையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் நிக் பேஸ். அவரும் கிரீனும் 1974-இல் ரைபோநியூக்ளியேஸ், லைசோசைம், கைமோட்ரிப்சின், பீட்டா லாக்டோகுளோபுலின் ஆகிய நான்கு புரதங்களில் இதைச் செய்து காட்டினார்கள். இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் நடப்பது அதே முறைதான்.

முறை எளிது. ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. எவ்வளவு மோசமான தரவைக் கொடுத்தாலும் மென்பொருள் ஓர் எண்ணைத் துப்பிவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்பது ஃப்ளூரிமீட்டரை (ஒளிர்வை அளக்கும் கருவியை) இயக்குவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடும். இந்தக் கையேடு அந்தப் பகுதியில்தான் அதிக நேரம் செலவிடுகிறது.

எந்தப் புரதம், எந்தக் கரைப்பான்

பழகுவதற்குக் கோழிமுட்டை வெள்ளைக்கரு லைசோசைமை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, தண்ணீரில் தாராளமாகக் கரையும், டைசல்பைடு பிணைப்புகள் உடையாத வரை அவிழ்ந்தபின் திரும்ப மடியும். 129 அமினோ அமிலங்கள், மூலக்கூறு எடை ஏறத்தாழ 14,300. நான்கு டைசல்பைடு பிணைப்புகளும் ஆறு டிரிப்டோஃபான்களும் மூன்று டைரோசின்களும் உண்டு. டிரிப்டோஃபான் இருப்பதால் சாயம் எதுவும் சேர்க்காமலே ஒளிர்வை அளக்கலாம்.

லைசோசைமுக்கு யூரியா போதாது. நடுநிலை பிஎச்-இல் 8 மோலார் யூரியாவிலும் அது முழுமையாக அவிழாது. அவிழ்ந்த பக்கத்து அடிக்கோடு (முழுக்க அவிழ்ந்த புரதத்தின் ரீடிங் காட்டும் கோடு) கிடைக்காமல் வளைவு பாதியில் நின்றுவிடும். குவானிடினில் நடுப்புள்ளி (பாதிப் புரதம் அவிழ்ந்திருக்கும் செறிவு) 4 மோலாருக்கு அருகில் விழும் என்பதால் இருபக்கமும் இடம் கிடைக்கிறது.

உங்கள் சொந்தப் புரதம் இதைவிட மென்மையானது என்றால் யூரியாவே நல்லது. குவானிடின் ஹைட்ரோகுளோரைடு ஓர் உப்பு. அதைச் சேர்க்கச் சேர்க்க அயனிச் செறிவும் கூடி, புரதத்தின் மேற்பரப்பு மின்னூட்டங்களை மறைத்துவிடும். மின்னூட்டம் மாறும் மியூட்டன்ட்களை (அமினோ அமிலம் மாற்றிய வடிவங்களை) ஒப்பிடும்போது குவானிடின் அந்த வேறுபாட்டையே விழுங்கிவிடக்கூடும். யூரியாவுக்கு வேறொரு கெட்ட குணம் உண்டு: கரைசலில் மெல்லச் சிதைந்து சயனேட் உண்டாகும், அது லைசின்களிலும் அமினோ முனையிலும் ஒட்டிக்கொள்ளும். யூரியா ஸ்டாக்கை (செறிந்த மூலக்கரைசலை) அன்றன்று தயாரித்து அன்றே முடித்துவிடுங்கள். சூடாக்கிக் கரைப்பது நேரத்தை மிச்சப்படுத்தினாலும் சயனேட்டைக் கூட்டும். குவானிடினுக்கு இந்தத் தொல்லை இல்லை, நன்றாக மூடி வைத்தால் ஸ்டாக் நீண்ட நாள் தாங்கும்.

பஃபரும் ஸ்டாக்கும்

0.2 மோலார் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 39 மி.லி., 0.2 மோலார் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 61 மி.லி. என்ற விகிதத்தில் கலந்தால் பிஎச் 7-க்கு அருகில் வரும். இந்தக் கலவையைப் பத்து மடங்கு நீர்த்தால் 20 மில்லிமோலார் பஃபர். நீர்க்கும்போது பிஎச் சற்று நகரும், மீட்டரில் சரிபார்த்து 7.0-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு லிட்டர் செய்துகொண்டால் எல்லா வேலைக்கும் போதும்.

குவானிடின் ஸ்டாக் 7.5 மோலார், 100 மி.லி. உயர்தூய்மைத் தரம் வாங்குங்கள். மலிவான தரத்தில் 280 நானோமீட்டருக்கு அருகே ஒளியை உறிஞ்சும் மாசு இருக்கும், அதுவும் ஒளிரும். 71.65 கிராம் நிறுத்துப் பீக்கரில் போட்டு, 0.2 மோலார் பாஸ்பேட் கலவையில் 10 மி.லி., நீர் 30 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். முதலில் இவ்வளவு பொடி இந்தக் கொஞ்ச நீரில் கரையாது என்றே தோன்றும். பயந்து நீரை ஊற்றிவிடாதீர்கள். இந்தச் செறிவில் 100 மி.லி. கரைசலில் நீரின் பங்கு மொத்தமே 46 மி.லி. அளவுதான், மீதி இடத்தைக் குவானிடினே அடைத்துக்கொள்ளும்.

கரையும்போது பீக்கர் நன்றாகக் குளிர்ந்துபோகும், வெளிச்சுவரில் வேர்க்கும். குளிர்ந்த நிலையில் பிஎச் பார்ப்பதும் அளவுக்குடுவையில் கோடு வரை நிரப்புவதும் தவறு. 25°செ நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வைத்து, பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுகளால் பிஎச்-ஐ 7.0-க்குக் கொண்டுவந்து, அதன்பின் 100 மி.லி. ஆக்குங்கள். செறிந்த குவானிடினில் பிஎச் மீட்டர் காட்டும் எண் உண்மையிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். எல்லாச் சோதனைகளிலும் ஒரே மாதிரி செய்தால் ஒப்பீடு கெடாது. இறுதியில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள்.

இப்போது முக்கியமான இடம். நிறுத்த எடையை வைத்து "7.5 மோலார்" என்று பாட்டிலில் எழுதிவிடாதீர்கள். குவானிடின் ஈரத்தை உறிஞ்சும் பொருள், நிறுத்ததில் எவ்வளவு நீர் என்பது தெரியாது. உண்மைச் செறிவை ஒளிவிலகல் எண்ணிலிருந்து கணக்கிட வேண்டும். 25°செ-இல், சோடியம் மஞ்சள் ஒளியில், ஸ்டாக்கின் எண்ணிலிருந்து பஃபரின் எண்ணைக் கழியுங்கள். அந்த வேறுபாட்டை இதில் போடுங்கள்:

குவானிடின் செறிவு = 57.147 × வேறுபாடு + 38.68 × வேறுபாடு² − 91.60 × வேறுபாடு³

யூரியாவுக்கு:

யூரியா செறிவு = 117.66 × வேறுபாடு + 29.753 × வேறுபாடு² + 185.56 × வேறுபாடு³

எடுத்துக்காட்டாக, பஃபர் 1.3332, ஸ்டாக் 1.4570 என்றால் வேறுபாடு 0.1238. மூன்று உறுப்புகளும் 7.075, 0.593, −0.174. கூட்டினால் 7.49 மோலார். கருவி நான்காம் தசமம் வரை காட்ட வேண்டும். மூன்றாம் தசமத்தில் ஒன்று பிசகினால் செறிவு 0.06 மோலார் பிசகும். நான்காம் தசமத்தில் பிசகினால் 0.006 மட்டுமே. பஃபரின் எண்ணையும் அதே நாளில் அதே கருவியில் படியுங்கள். புத்தகத்திலிருந்து நீரின் எண்ணை எடுத்துப் போடுவது வேண்டாம்.

புரதம்

30 மி.கி. லைசோசைமை 2 மி.லி. பஃபரில் கரைத்து, அதே பஃபருக்கு எதிராக இரவு முழுவதும் டயாலிசிஸ் செய்யுங்கள். கடையில் வாங்கும் பொடியில் உப்பும் ஈரமும் இருக்கும், எடை என்பது செறிவு ஆகாது. டயாலிசிஸ் பையின் துளை அளவு (மூலக்கூறு எடையில்) 3,500 போன்ற சிறியதாக இருக்கட்டும். 14,000 என்று குறித்த பையில் லைசோசைம் கசிந்து வெளியேறும். பிறகு மையவிலக்கு செய்து மேல்கரைசலை எடுங்கள்.

செறிவை 280 நானோமீட்டரில் உறிஞ்சல் வைத்துக் காணுங்கள். மோலார் உறிஞ்சுமையை வரிசையிலிருந்தே கணக்கிடலாம்: டிரிப்டோஃபான் ஒன்றுக்கு 5500, டைரோசின் ஒன்றுக்கு 1490, டைசல்பைடு ஒன்றுக்கு 125. லைசோசைமுக்கு 33,000 + 4,470 + 500 = 37,970. அதாவது 1 மி.கி./மி.லி. கரைசல் 1 செ.மீ. குவெட்டில் (ஒளி புகும் அளவீட்டுக் கலத்தில்) 2.65 காட்டும். நூறு மடங்கு நீர்த்த மாதிரி 0.318 காட்டினால் ஸ்டாக் 12 மி.கி./மி.லி.

இந்த 12 மி.கி./மி.லி. ஸ்டாக்கை இருவிதமாக இருபது மடங்கு நீர்க்க வேண்டும். 80 மைக்ரோலிட்டரை 1520 மைக்ரோலிட்டர் பஃபரில் கலந்தால் மடிந்த புரதம், 0.6 மி.கி./மி.லி. அதே 80-ஐ 1520 மைக்ரோலிட்டர் குவானிடின் ஸ்டாக்கில் கலந்தால் அவிழ்ந்த புரதம், அதே செறிவு. இரண்டாவதைச் சில மணி நேரம் 25°செ-இல் விட்டுவையுங்கள். எதற்காக என்பது கீழே வரும்.

லைசோசைமில் டைசல்பைடை உடைக்கும் டிடிடி, டிசிஇபி எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் நான்கு டைசல்பைடுகளும் உடைந்து வேறொரு புரதத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள். தனித்த சிஸ்டீன் உள்ள புரதத்துக்கு மாறாக அவை தேவை. அப்போது டிடிடி புதிதாகக் கரைத்ததாக இருக்கட்டும், ஏனென்றால் ஆக்சிஜனேற்றம் அடைந்த டிடிடி 280-இல் உறிஞ்சும். டிசிஇபி என்றால் பாஸ்பேட் பஃபரைத் தவிருங்கள், அதில் அது நீண்ட நேரம் தாங்காது.

குழாய்களை நிரப்புதல்

அளக்கத் தகுந்த பகுதி எவ்வளவு குறுகியது என்பதைப் பார்த்துவிட்டுப் புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். சமநிலை மாறிலி 0.1-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும்போதுதான் அதை நம்பிக்கையோடு கணக்கிட முடியும். அது ஆற்றலில் ±1.36 கிலோகலோரி. குவானிடின் செறிவோடு லைசோசைமின் ஆற்றல் இறங்கும் சரிவு மோலாருக்கு 2.3 கிலோகலோரி அளவில் இருக்கும், எனவே நடுப்புள்ளியின் இருபக்கமும் 0.6 மோலார் மட்டுமே பயன்படும். 0 முதல் 7 வரை அரை மோலார் இடைவெளியில் புள்ளி வைத்தால் இந்தப் பகுதிக்குள் இரண்டோ மூன்றோ மட்டும் விழும். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

0 முதல் 3 வரை 0.5 இடைவெளி, பிறகு 3.2, 3.4 முதல் 4.7 வரை 0.1 இடைவெளி, அதன்பின் 5.0, 5.5, 6.0, 6.5, 7.0. மொத்தம் 27 குழாய்கள். இரு ஓரப் புள்ளிகளும் வீண் இல்லை, அடிக்கோடுகளின் சரிவை அவைதான் தீர்மானிக்கின்றன.

ஒவ்வொரு குழாயிலும் மொத்தம் 1000 மைக்ரோலிட்டர். புரதம் 50. குவானிடின் ஸ்டாக்கின் அளவு, வேண்டிய செறிவை ஸ்டாக் செறிவால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் கிடைப்பது. மீதி பஃபர். 4.0 மோலாருக்கு: 534 குவானிடின், 416 பஃபர், 50 புரதம். 7.0 மோலாருக்கு: 935, 15, 50. ஸ்டாக் 7.5-க்குப் பதில் 7.2 ஆக இருந்திருந்தால் 7.0 மோலார் குழாயே செய்திருக்க முடியாது. செறிந்த ஸ்டாக் தேவைப்படுவது இதனால்தான். இறுதிப் புரதச் செறிவு 0.03 மி.கி./மி.லி., அதாவது ஏறத்தாழ 2 மைக்ரோமோலார். அதன் உறிஞ்சல் 280-இல் 0.08. 0.1-க்குக் கீழே இருந்தால் கரைசலே ஒளியை விழுங்கி ரீடிங்கைக் குறைக்கும் சிக்கல் வராது.

குவானிடின் ஸ்டாக் அடர்த்தியானது, பிசுபிசுப்பானது. சாதாரணப் பிப்பெட்டை வேகமாக இழுத்தால் குறைவாக எடுக்கும், முனைக்குள் படலமாகவும் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்து, முனையை ஓரிரு நொடி கரைசலுக்குள்ளேயே வைத்திருங்கள். முதல் நிறுத்தத்தைத் தாண்டி இழுத்து, முதல் நிறுத்தம் வரை மட்டும் வெளியேற்றும் தலைகீழ் முறை இதற்கு ஏற்றது. நேர் பிஸ்டன் பிப்பெட் இருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் இருந்தால் தராசில் குழாயை வைத்து எடை பார்த்து ஊற்றுங்கள்: 7.5 மோலார் ஸ்டாக்கின் அடர்த்தி ஏறத்தாழ 1.17 கிராம்/மி.லி.

முதலில் பஃபர், குவானிடின் இரண்டையும் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சர்க்கரைப் பாகை நீரில் விட்டதுபோல இழை இழையாகத் தெரியும், அது முழுக்க மறைய வேண்டும். மறையாத இழை என்றால் அடியில் 7 மோலார், மேலே வெறும் பஃபர். அதன்பிறகே புரதம். புரதம் சேர்த்தபின் நுரைவரக் குலுக்காமல் குழாயை ஏழெட்டு முறை கவிழ்த்துத் திருப்புங்கள்.

0, 2, 4, 6, 7 மோலாரில் புரதத்துக்குப் பதில் பஃபர் ஊற்றிய ஐந்து பிளாங்க் குழாய்களும் தேவை. ஒவ்வொரு புள்ளிக்கும் பிளாங்க் வேண்டாம், இந்த ஐந்திலிருந்து இடைப்பட்டவற்றைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

திரும்பும் பாதை

முதல் வரிசைக்கு மடிந்த புரதத்தைப் பயன்படுத்தினோம். இரண்டாவது வரிசைக்கு அவிழ்த்து வைத்த புரதத்தில் 50 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். அந்த 50-உடன் குவானிடினும் வருகிறது: அது 7.12 மோலாரில் இருப்பதால் ஒவ்வொரு குழாயிலும் 0.36 மோலார் கூடுதலாகச் சேரும். கணக்கில் அதைக் கழித்துவிட்டு ஸ்டாக்கின் அளவைக் குறையுங்கள். இந்த வரிசை 0.36-க்குக் கீழே போக முடியாது, அதனால் நட்டம் ஒன்றும் இல்லை.

இரண்டு வரிசைகளையும் 25.0°செ நீர்த்தொட்டியில் இரவு முழுவதும் விடுங்கள். ஏசி அணைந்ததும் சூடேறிவிடும் அறையில் மேசைமேல் வைப்பது சரிவராது. அளக்கும் எண் வெப்பநிலையோடு நகரும். நடுப்புள்ளிக்கு அருகில்தான் மடிதலும் அவிழ்தலும் மிக மெதுவாக நடக்கும், ஓரங்களில் வேகமாக நடக்கும். ஆகவே சமநிலை வந்துவிட்டதா என்பதை 3.8, 4.2 மோலார் குழாய்களில்தான் சோதிக்க வேண்டும். சில மணி நேர இடைவெளியில் இருமுறை படித்தால் ரீடிங் அசையக் கூடாது.

இரு வரிசைகளின் வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியாவிட்டால் மேலே போகாதீர்கள். அவிழும் வளைவு வலப்பக்கமும் மடியும் வளைவு இடப்பக்கமும் விலகி நின்றால் காத்திருந்த நேரம் போதவில்லை. இன்னொரு நாள் விடுங்கள். எத்தனை நாள் விட்டாலும் மடியும் வளைவின் தொடக்க ரீடிங் மடிந்த புரதத்தின் ரீடிங்கை எட்டவில்லை என்றால், புரதத்தில் ஒரு பகுதி திரும்ப மடியவில்லை. திரண்டிருக்கலாம், அல்லது வேதியியல் சேதம் நடந்திருக்கலாம். மீள்தன்மை இல்லாத இடத்தில் சமநிலை மாறிலி என்ற பேச்சே கிடையாது. இந்த இரண்டாம் வரிசையைச் சோம்பலால் விட்டுவிடுபவர்கள் நிறைய. நம் கணிப்பில், ஒரு நிலைத்தன்மை எண்ணை நம்புவதா வேண்டாமா என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒளிர்வைப் படித்தல்

விளக்கை அரை மணி நேரம் முன்னதாகவே போடுங்கள். குவெட் அறையை 25°செ-இல் நிறுத்துங்கள். டிரிப்டோஃபானின் ஒளிர்வு வெப்பநிலை கூடினால் குறையும். நான்கு பக்கமும் தெளிவான 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட் ஒன்றே எல்லாக் குழாய்களுக்கும். தூண்டும் அலைநீளம் 295 நானோமீட்டர். 280-இல் தூண்டினால் டைரோசினும் சேர்ந்து ஒளிரும். உமிழ்வை 310 முதல் 400 வரை பதிவுசெய்யுங்கள்.

295-இல் தூண்டும்போது நீரின் ராமன் சிதறல் 328 நானோமீட்டருக்கு அருகே ஒரு சிறு மேடாகத் தெரியும். புரதம் நீர்த்திருப்பதால் இதைப் புறக்கணிக்க முடியாது. பிளாங்க்கைக் கழித்தபின் அந்த மேடு மறைந்தால் கழித்தல் சரி.

மடிந்த லைசோசைமின் உமிழ்வு உச்சம் 340-க்கு அருகே. அவிழ்ந்தால் டிரிப்டோஃபான்கள் நீருக்கு வெளிப்பட்டு உச்சம் 350-ஐத் தாண்டும், அருகிலிருந்த குழுக்கள் ஒளிர்வை அணைப்பதும் குறைந்து வீச்சு கூடும். கணக்குக்கு எடுக்க வேண்டியது ஒரே நிலையான அலைநீளத்தில், எடுத்துக்காட்டாக 360-இல், உள்ள வீச்சு.

உச்சத்தின் அலைநீளத்தையோ 350-க்கும் 330-க்கும் உள்ள விகிதத்தையோ வரைந்தால் அழகான வளைவு வரும், குவெட் மாறினாலும் செறிவு சற்றே பிசகினாலும் அசையாது. ஆனால் அவை அவிழ்ந்த பங்குக்கு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. அதிகமாக ஒளிரும் வடிவத்தின் பக்கம் சாய்ந்துவிடும், நடுப்புள்ளியும் அதோடு நகரும். விகிதத்தைக் காட்டும் கருவிகள் இன்று பரவலாகிவிட்டதால் இந்தத் தவறும் பரவலாகிவிட்டது. மருந்து நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைத் தரவரிசைப்படுத்த விகிதம் போதும். கட்டிலா ஆற்றலை, அதாவது மடிந்ததற்கும் அவிழ்ந்ததற்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டைக் கணக்கிட அது போதாது.

குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே குவெட்டை அசைக்காமல் உறிஞ்சி எடுத்து, அடுத்த மாதிரியில் சிறிதளவால் ஒருமுறை அலசினால் போதும். படிக்காத நேரத்தில் ஷட்டரை மூடிவையுங்கள், ஓயாத புற ஊதா ஒளி டிரிப்டோஃபானைச் சிதைக்கும்.

கணக்கு

0 முதல் 3 மோலார் வரையிலான புள்ளிகள் வழியே ஒரு நேர்கோடு: மடிந்த கோடு. 5.5 முதல் 7 வரை இன்னொன்று: அவிழ்ந்த கோடு. இரண்டும் கிடையாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருக்காது. அவற்றை இடைப்பகுதிக்குள் நீட்டி, ஒவ்வொரு புள்ளியிலும்:

சமநிலை மாறிலி = (மடிந்த கோடு − ரீடிங்) ÷ (ரீடிங் − அவிழ்ந்த கோடு)

கட்டிலா ஆற்றல் = −0.5925 × இயல் மடக்கை (சமநிலை மாறிலி)

0.5925 என்பது 25°செ-இல் வாயு மாறிலியையும் தனி வெப்பநிலையையும் பெருக்கி வருவது, கிலோகலோரியில்.

கணக்கு விளங்க எண்கள் வைத்துப் பார்ப்போம். 4.0 மோலாரில் மடிந்த கோடு 220, அவிழ்ந்த கோடு 468, ரீடிங் 331 என்று கொள்ளுங்கள். மாறிலி 111 ÷ 137 = 0.810, ஆற்றல் 0.125. 4.2 மோலாரில் 221, 470.4, ரீடிங் 380 என்றால் மாறிலி 1.759, ஆற்றல் −0.335. 0.2 மோலாரில் 0.459 இறங்கியிருக்கிறது, எனவே சரிவு, அதாவது எம் மதிப்பு, 2.30. நடுப்புள்ளி 4.05. இரண்டையும் பெருக்கினால் குவானிடின் இல்லாத நீரில் நிலைத்தன்மை 9.3 கிலோகலோரி.

இப்போது 4.2 மோலாரின் ரீடிங்கை 380-க்குப் பதில் 385 என்று மாற்றிப் பாருங்கள். 1.3 சதவீதப் பிசகு, சுமாரான பிப்பெட்டிங்கில் சாதாரணமாக வருவது. எம் மதிப்பு 2.56 ஆகிறது. நிலைத்தன்மை 10.35. ஒரு முழுக் கிலோகலோரி கூடிவிட்டது. நடுப்புள்ளியோ 4.05-இலேயே நிற்கிறது, ஆயிரத்தில் ஐந்து மோலார்தான் நகர்ந்தது.

இரண்டே புள்ளிகளில் இந்தப் பிசகு பெரிதாகத் தெரியும், 14 புள்ளிகளில் குறையும், ஆனால் தன்மை மாறாது. நடுப்புள்ளி உறுதியான அளவு. எம் மதிப்பு நடுங்கும். பூஜ்யத்துக்கு நீட்டிய ஆற்றல் அந்த நடுக்கத்தை நான்கு மடங்காக்கிக் காட்டும். ஆகவே இயற்கை வடிவத்தையும் ஒரு மியூட்டன்ட்டையும் ஒப்பிடும்போது இரு ஆற்றல்களையும் தனித்தனியே கண்டு கழிக்காதீர்கள். இரண்டின் எம் மதிப்புகளும் பிழை எல்லைக்குள் ஒத்திருந்தால், சராசரி எம் மதிப்பை நடுப்புள்ளிகளின் வேறுபாட்டால் பெருக்குங்கள். இயற்கை வடிவம் 4.05, மியூட்டன்ட் 3.70, எம் 2.3 என்றால் 0.8 கிலோகலோரி இழப்பு. எம் மதிப்புகளே கணிசமாக மாறினால் இந்தக் குறுக்குவழி செல்லாது, அந்த மாற்றம் ஏன் என்று தேட வேண்டும்.

இறுதிக் கணக்கை அடிக்கோடுகளையும் சேர்த்து ஒரே சமன்பாட்டில் பொருத்துவது வழக்கம். சான்டோரோவும் போலனும் 1988-இல் கொண்டுவந்த ஆறு மாறிகள் கொண்ட வடிவம்: இரண்டு கோடுகளுக்கு நான்கு, ஆற்றல், எம் மதிப்பு. எக்செல் சால்வரிலேயே செய்யலாம். தொடக்க மதிப்புகளைக் கையால் போட்ட கணக்கிலிருந்து கொடுங்கள், இல்லாவிட்டால் அபத்தமான இடத்தில் நின்றுவிடும். கையால் கணக்கிட்ட விடையும் பொருத்திய விடையும் அரைக் கிலோகலோரிக்கு மேல் விலகினால் அடிக்கோட்டில்தான் கோளாறு, பொருத்தலில் தேடாதீர்கள்.

எம் மதிப்பு சொல்லும் சேதி

எம் மதிப்பு, புரதம் அவிழும்போது புதிதாக நீருக்கு வெளிப்படும் மேற்பரப்பைப் பொறுத்தது. பெரிய புரதத்துக்கு அதிகம், டைசல்பைடுகள் இருந்தால் குறைவு. எனவே உங்கள் புரதத்தின் நீளத்தைப் பார்த்தே எவ்வளவு வர வேண்டும் என்று ஏறத்தாழச் சொல்லலாம். குவானிடினில் கிடைப்பது யூரியாவில் கிடைப்பதைப் போலச் சராசரியாக இரு மடங்குக்கும் சற்று அதிகம்.

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் மூன்று சந்தேகங்கள். ஒன்று, மடிந்த கோடு மிகக் குட்டையாக இருந்து சரிவு தவறாகியிருக்கும். நடுப்புள்ளி 1 மோலாருக்குக் கீழே உள்ள மென்மையான புரதங்களில் இது அடிக்கடி நடக்கும். யூரியாவுக்கு மாறினாலோ, வெப்பநிலையைக் குறைத்தாலோ கோடு நீளும். இரண்டு, மாதிரியில் பல வடிவங்கள் கலந்திருக்கலாம்: பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்தது, பாதி வெட்டுப்பட்டது. மூன்று, இடையில் இன்னொரு நிலை இருக்கிறது, இரு நிலை என்ற அடிப்படையே தவறு.

மூன்றாவதைச் சோதிக்க வட்ட இருநிற அளவீடு (இடமாகவும் வலமாகவும் சுழலும் ஒளியை உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு) உதவும். டிரிப்டோஃபானின் ஒளிர்வு அதன் அக்கம்பக்கத்தை மட்டும் காட்டும். 222 நானோமீட்டரில் வட்ட இருநிறம் ஹெலிக்ஸ்கள் (சுருள் பகுதிகள்) முழுவதையும் காட்டும். 0.2 மி.கி./மி.லி. புரதத்தை 1 மி.மீ. குவெட்டில் படியுங்கள். குவானிடினும் குளோரைடும் குறைந்த அலைநீளத்தில் ஒளியை அடைத்துவிடும் என்பதால் 215-க்குக் கீழே தரவை நம்பாதீர்கள். உணரியின் மின்னழுத்தம் எகிறுவதைப் பார்த்தாலே தெரியும். இரு முறைகளிலும் அவிழ்ந்த பங்கின் வளைவு ஒன்றாகப் படிந்தால் இரு நிலைக் கணக்கைத் தொடரலாம். படியாவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

புரதச் செறிவை மூன்று மடங்காக்கியும் மூன்றில் ஒன்றாக்கியும் ஒருமுறை செய்யுங்கள். தனி மூலக்கூறாக அவிழும் புரதத்தின் நடுப்புள்ளி அசையாது. செறிவு கூடக்கூட நடுப்புள்ளி வலப்பக்கம் போனால் அது இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த இரட்டையாக இருக்கலாம், அதற்குச் சமன்பாடு வேறு. திரளும் புரதத்தைக் கண்டுபிடிக்க, புரதம் உறிஞ்சாத 350 நானோமீட்டரில் உறிஞ்சலைப் பாருங்கள். அங்கே எண் ஏறினால் கலங்கல்.

வெப்பத்தால் அவிழ்க்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். டிரிஸ் பஃபர் வேண்டாம், ஒவ்வொரு பாகைக்கும் அதன் பிஎச் 0.028 இறங்கும், 25-இலிருந்து 75°செ-க்குப் போனால் 1.4 அலகு. பாஸ்பேட் அவ்வளவு நகராது. ஒருமுறை சூடாக்கிக் குளிரவைத்து மீண்டும் சூடாக்கும்போது அதே வளைவு வராவிட்டால், உருகுநிலை என்று ஓர் எண்ணைச் சொல்லலாம், கட்டிலா ஆற்றலைச் சொல்லக் கூடாது. உருகுநிலை கூடிய புரதம் 25°செ-இலும் அதிக நிலைத்தன்மை கொண்டதாக இருக்கும் என்ற கட்டாயமும் இல்லை.

முடிவை எழுதும்போது ஆற்றலை மட்டும் எழுதாதீர்கள். நடுப்புள்ளி, எம் மதிப்பு, வெப்பநிலை, பிஎச், பஃபரின் செறிவு, சமநிலைக்கு விட்ட நேரம், திரும்பும் வளைவு படிந்ததா இல்லையா, எந்த அலைநீளம் ஆகியவை உடன் இருந்தால்தான் வேறொருவர் உங்கள் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட முடியும்.

குவெட்டைக் கழுவாமல் விட்டால் குவானிடின் காய்ந்து வெள்ளைப் படிகமாக ஒட்டிக்கொள்ளும், அடுத்தவர் ரீடிங்கில் அது சிதறலாகத் தெரியும். வேலை முடிந்ததும் நீரில் பலமுறை அலசி, கடைசியாக எத்தனால் விட்டுக் காயவையுங்கள். குவானிடின் கழிவைத் தனிப் பாட்டிலில் சேருங்கள். பிளீச்சிங் கரைசல் ஊற்றும் கழிவோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.